பத்து டயர் தட்டும் நேரம்

1

இந்த ஆண்டு பங்குனி கடைசியில் என் அட்டை காலாவதியாயிற்று. ஓட்டுநர் உரிமத்தைச் சொல்லவில்லை, அது வேறு. இது லாரியின் முகப்பிலுள்ள சிறிய பெட்டிக்குள் காலையில் செருகி, மாலையில் உருவிக்கொள்ளும் அட்டை. ஜெர்மனியில் கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் இதில்லாமல் வண்டியை நகர்த்த முடியாது. வண்டி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதைப் பெட்டி அந்த அட்டையில் பதிந்துகொண்டே வரும். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நின்றாக வேண்டும். வேண்டுமானால் முதலில் கால் மணி, பிறகு அரை மணி என்று பிரித்துக்கொள்ளலாம். நிற்காமல் போனால், வழியில் மறிக்கும் போலீஸ்காரர் அட்டையைப் படித்தே கண்டுபிடித்துவிடுவார். அபராதம் எனக்கும் உண்டு, முதலாளிக்கும் உண்டு.

அட்டையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். ஆகவே அது காலாவதியான நாள், நான் இந்த நாட்டில் லாரி ஓட்டத் தொடங்கிய ஐந்தாம் ஆண்டு நிறைவும் ஆகும். தேதிகளைக் குறித்து வைப்பது என் பழைய பழக்கம். இங்கே பார்த்த முதல் பனி, மகள் கயல் சொன்ன முதல் ஜெர்மன் சொல், பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை துளிர்த்த நாள், அது பட்டுப்போன நாள் எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. அரியலூரில் இருக்கும் என் தம்பி கொளஞ்சி, என்னை அண்ணன் என்று கூப்பிடுவதைவிடப் பஞ்சாங்கம் என்று கூப்பிடுவதுதான் அதிகம்.

நான் முன்பு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்தவன். மனைவி விஜயா செவிலியர். உல்ம் நகரத்து மருத்துவமனை ஒன்று அவளை அழைத்தது. அவளுடைய பெட்டிகளோடு ஒரு பெட்டியாக நானும் வந்து இறங்கினேன். என் எடைமேடைச் சான்றிதழை இங்கே யாரும் மதிக்கவில்லை. லாரிகளை எடை போட்டவன் லாரியே ஓட்டலாமே என்று விஜயாதான் சொன்னாள்.

புது அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனேன். சாளரத்துக்குப் பின்னால் இருந்த அம்மையார் என் பழைய அட்டையையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என் அப்பா பெயர் ராமசாமி. அது இங்கே என் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மருத்துவமனையில் விஜயாவை ராமசாமி அம்மையார் என்கிறார்கள். பள்ளியில் கயலும் ராமசாமிதான். உடையார்பாளையம் தாண்டி வேலை தேடிப் போகாத மனிதரின் பெயர் இங்கே தினம் மூன்று இடங்களில் அழைக்கப்படுகிறது. ஓர் ஆவணத்தில் அப்பா முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததுதான் அம்மையாரின் சிக்கல். நான் விளக்கிக்கொண்டிருந்தேன். என் ஜெர்மன் மொழியில் அப்பா உயிரோடு இருப்பதும் இறந்ததும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அவர் பேனாவைக் கீழே வைத்தார். மணி பன்னிரண்டு. ஒரு சிறு பலகையை எடுத்து என் மூக்குக்கு நேரே நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

மதிய இடைவேளை என்று அதில் எழுதியிருந்தது. இடைவேளை எடுத்ததை நிரூபிக்கும் அட்டையை வாங்கப் போனவன், இன்னொருவரின் இடைவேளை முடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. எனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசையில் இருந்த ஒருவர்கூட முணுமுணுக்காததுதான் வியப்பாக இருந்தது.

2

லாரி ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் வழியில், பெட்டி மணியடித்தது. நாலரை மணி நேரம் ஆகிவிட்டது. ஓரம் கட்டினேன். கட்டிய இடத்திலிருந்து எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி தெரிந்தது. விஜயா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கையசைத்தேன். அவள் கைப்பேசியில் கூப்பிட்டு, "அங்க என்னங்க பண்றீங்க?" என்றாள். "நிக்கிறேன்" என்றேன். "வூட்டுக்கு வந்து நில்லுங்களேன்!" கல் லாரியைச் சாலையோரம் தனியே விட்டுவிட்டு வர முடியாது. ஒரு டீக்கடைத் தொலைவில் வீடு இருக்க, முக்கால் மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இதை உடன் ஓட்டும் வோல்ஃப்காங்கிடம் புலம்பினேன். நாங்கள் இருவரும் மலைமேல் இருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றுகிறவர்கள். ஆமாம், இங்கேயும் அதே கல். விதி என்னை எடைமேடையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றியது, அவ்வளவுதான். வோல்ஃப்காங் தன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் கல் கோடிக்கணக்கான வருடம் இங்கே காத்திருந்தது. உனக்காக முக்கால் மணி நேரம் காத்திருக்காதா?"

அன்றிலிருந்து இடைவேளைகளில் அந்தச் சுரங்கத்துச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க வாய் பிளந்தது. அது ஒரு காலத்தில் கடல். நம் அரியலூரும் கடலாக இருந்த இடம்தான். நம் சுரங்கங்களில் கிடைக்கும், நத்தைபோலச் சுருண்டு கல்லாகிப்போன அதே உயிர்கள் இங்கேயும் கிடைக்கின்றன. இந்தக் கடல் நம் கடலைவிட மூத்தது. சுவர் முழுவதும் கிடையாக அடுக்கடுக்காகப் பாறை. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு என்ன என்று தேடிப் படித்தேன். பெரும்பாலும் அது, கடலடியில் வண்டல் படிவது நின்றுபோயிருந்த காலத்தின் அடையாளமாம். ஒரு முழ உயர அடுக்கு படிய எவ்வளவு காலம் ஆனதோ, சில இடங்களில் அந்த மெல்லிய கோட்டுக்கு அதைவிட அதிகக் காலம் ஆகியிருக்கலாமாம்.

இதைப் படித்த அன்று என் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். என் குறிப்புகளில் நடந்தவற்றுக்கு மட்டும்தான் தேதி இருக்கிறது. எதுவும் நடக்காமல் நின்ற நேரத்துக்கு யாரும் தேதி வைப்பதில்லை. மலை வைத்திருக்கிறது.

3

புது அட்டை தபாலில் வந்த வாரம் தமிழரசி கூப்பிட்டாள். அவள் கொளஞ்சியின் மனைவி. எப்போதும் விஜயாவைத்தான் கூப்பிடுவாள். என்னை நேராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"மாமா, ஒங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா என்னய வைவாரு."

"என்னம்மா?"

"சோத்துல கைய வச்சுக்கிட்டே தூங்கிடுறாரு மாமா. நேத்து ரசம் ஊத்தலாம்னு பாத்தா, கை இலையில இருக்கு, கண்ணு மூடிக்கிச்சு. எழுப்புனா, 'நான் எங்க தூங்குனேன்'னு சண்டைக்கு வராரு. வண்டியிலயும் இப்புடித்தானே மாமா இருப்பாரு?"

கொளஞ்சி டிப்பர் ஓட்டுகிறவன். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு சுண்ணாம்புக்கல் ஏற்றும் பத்துச் சக்கர வண்டி. சம்பளம் நடைக்கு இவ்வளவு என்று. சொந்த வண்டி இல்லை; ஒரு முதலாளியின் வண்டி. இப்படித்தான் அவன் திருமணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறான். இத்தனை ஆண்டுகளாக இல்லாத தூக்கம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"பெட்டி வச்சுட்டாங்க மாமா" என்றாள் தமிழரசி. "வண்டி நின்னா ஆபீசுக்குத் தெரிஞ்சிடுதாம். எங்கயும் நிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

நான் என் சட்டைப் பையில் இருந்த புது அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு பெட்டி. என் பெட்டி ஓடினால் மணியடிக்கும். அவன் பெட்டி நின்றால் மணியடிக்கும்.

4

வைகாசியில் கயலின் பள்ளிக்கு இரண்டு வார விடுமுறை. விஜயாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் கயலும் மட்டும் புறப்பட்டோம்.

கயலுக்கு வயது பன்னிரண்டு. வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் சொற்களை அவள் ஏதோ பழைய அலமாரியிலிருந்து எடுத்து வருவதுபோல இருக்கும். போன மறுநாள் மத்தியானம் வெயில் தாங்காமல் தமிழரசியிடம், "சித்தி, நான் கொஞ்சம் ஓய்வு பெறுகிறேன்" என்றாள்.

"பன்னெண்டு வயசுலயே பென்ஷனா? குடுத்து வச்சவதான் போ" என்று தமிழரசி சிரித்ததில் கயல் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலைவரை யாரோடும் தமிழ் பேசவில்லை. கைப்பேசியில் தன் தோழிகளோடு ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்தும் அவள் வராத மாதிரி இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு கொளஞ்சி வந்தான். என்னைக் கட்டிக்கொண்டான். "என்ன பஞ்சாங்கம், எளச்சுட்ட! அண்ணி சோறு போடுறது இல்லையா?" என்றான். நாலு வாய் சாப்பிட்டிருப்பான். தமிழரசி சொன்னது என் கண்முன்னே நடந்தது. கை சோற்றில் இருந்தது, தலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. தமிழரசி என்னைப் பார்த்தாள். கயல்தான் பேசினாள்.

"சித்தப்பா, உங்களுக்கு பௌஸ கிடையாதா?"

பௌஸ என்றால் ஜெர்மனில் இடைவேளை. கொளஞ்சி திடுக்கிட்டு விழித்து, "பவுசா? நம்ம பவுசுதான் ஊருக்கே தெரியுமே கண்ணு!" என்றான். எல்லோரும் சிரித்தோம். கயல் சிரிக்கவில்லை. தன் பள்ளியில் மணியடித்தால் வகுப்புக்குள் யாரும் உட்காரக் கூடாது, பெரும்பாலும் மழையானாலும் வெளியே துரத்திவிடுவார்கள் என்று விளக்கினாள். "உள்ளே இருந்தால் தப்பு, சித்தப்பா. வேலை செய்தால் தப்பு."

"நல்ல ஊருடா சாமி" என்றான் கொளஞ்சி. இந்த முறை அவனும் சிரிக்கவில்லை.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவனைப் பெரம்பலூருக்கு அழைத்துப்போனேன். மருத்துவரிடம் காட்டலாம் என்று. அரியலூர் நிலையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தவன், நடத்துநர் டிக்கெட் கேட்கும் முன்பே என் தோளில் தூங்கிவிட்டான். மருத்துவர் ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. தூக்கம்தான் கொறை. வண்டிய நடுநடுவுல நிறுத்தி, எறங்கி நடங்க" என்றார்.

"நிறுத்துனா வேல போயிடுங்க சார்."

மருத்துவர் சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கொளஞ்சி விழித்திருந்தான். சன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடுகள் அறுவடை முடிந்து கிடந்தன. "அண்ணே, இந்த வண்டிய வுட்டா எனக்கு வேற வண்டி கெடைக்காது. பெட்டி வச்ச வண்டிதான் இப்ப எல்லாம். நின்னு நின்னு ஓட்டுறவன்னு பேரு வந்துட்டா அவ்ளோதான். ஒரு மொதலாளியும் சாவி தர மாட்டான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயமாத்தான் இருக்கு" என்றான். என் தம்பி அந்தச் சொல்லைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

5

ஜெர்மனிக்குத் திரும்ப நாலைந்து நாள் இருக்கும்போது அவன் வண்டியில் ஏறினேன். "கிளி மாதிரி பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே வா. அது போதும்" என்றான்.

சுரங்கத்துக்குள் இறங்கினோம். எடைமேடைக் காலத்தில் நூறு தடவை பார்த்த சுவர்தான். இப்போது அந்தக் கோடுகள் மட்டும் கண்ணில் பட்டன. மஞ்சளும் சாம்பலுமான அடுக்குகள். நடுநடுவே கடல் சும்மா இருந்த காலங்கள். கொளஞ்சியிடம் சொன்னேன். "கடலுக்கு மொதலாளி இல்லல்ல" என்றான்.

மூன்றாவது நடை. பதினொரு மணி வெயில். நான் வோல்ஃப்காங்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. திரும்பினேன். அவன் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அதில் ஆள் இல்லை. வண்டி தார்ச்சாலையை விட்டு இடப்பக்க மண்ணில் இறங்கி, புழுதி கிளம்பியது. "டேய்!" என்று கத்தினேன். என் வலக்கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவன் உதறிக்கொண்டு வண்டியைச் சாலைக்கு இழுத்தான்.

சிறிது தூரம் போனதும் வளைவில் ஒரு புங்கமரம் வந்தது. கொளஞ்சி வண்டியை நிழலில் ஓரம் கட்டினான். இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் இரும்பு ராடை எடுத்துக்கொண்டு இறங்கினான். நானும் இறங்கினேன்.

முன்னால் இருக்கும் டயரை ராடால் ஒரு தட்டு தட்டினான். ராடு துள்ளியது. அடுத்தது. பின்னால் போய் வெளி டயரை ஒரு தட்டு, குனிந்து உள்ளே நீட்டி உள் டயரை ஒரு தட்டு. நிதானமாக வண்டியைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு மூச்சு. பாதிச் சுற்றில் அவன் தோள்கள் இறங்கின. முழுச் சுற்றும் முடிந்து என்னிடம் வந்தபோது அவன் கண்ணுக்குள் ஆள் திரும்பியிருந்தான்.

எடைமேடை சன்னல் வழியாக ஓட்டுநர்கள் இப்படிச் சுற்றுவதை அந்தக் காலத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். டயரில் காற்று பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவனிடமே அதைச் சொன்னேன்.

"பாதிதான் அது" என்றான் கொளஞ்சி. "ஒக்காந்து டீ குடிச்சா மொதலாளி வைவான். மரத்தடியில சாஞ்சா வைவான். டயரு பாக்குறவன எந்த மொதலாளியும் வைய முடியாதுல்ல. எல்லா டிரைவரும் அப்புடித்தான் பொழச்சோம். நடைக்கு ஒரு சுத்து. யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல இது, எப்புடியோ வந்துருச்சு. பெட்டி வந்ததுலேர்ந்து அதுவும் போச்சு."

சொல்லி முடிக்கவில்லை, கைப்பேசி அடித்தது. ஆபீசில் இருக்கும் மேனேஜர். கொளஞ்சியைவிட வயதில் சிறியவர். ஒலிபெருக்கியில் போட்டான்.

"அண்ணே, வண்டி ஏன் நிக்குது?"

"டயர் பாக்குறேன் தம்பி."

"காலையிலதான பாத்துட்டு எடுத்தீங்க? மொதலாளி பக்கத்துலயே இருக்காரு. இன்னொரு தடவ நின்னா, வண்டிய இங்க கொண்டாந்து வுட்டுட்டு சாவியக் குடுத்துட்டுப் போயிடச் சொல்றாரு."

கொளஞ்சி ராடைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "எடுத்துடுறேன்" என்றான். அவன் படியில் கால் வைத்தபோது பின்னால் இன்னொரு டிப்பர் வந்து நின்றது.

6

இறங்கியவர் காதர் அண்ணன். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சவுதியில் பல ஆண்டுகள் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, இப்போது அதே முதலாளியிடம் ஓட்டுகிறார். வெள்ளைத் தாடி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

"என்னா கொளஞ்சி, டயருக்கு நாடி பாக்குறியா?"

கொளஞ்சி நடந்ததைச் சொன்னான். மண்ணில் இறங்கியதையும் சொன்னான். மறைக்கவில்லை. காதர் அண்ணன் சாலையோரம் போய், எங்கள் சக்கரம் மண்ணில் இழுத்திருந்த தடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கிராம்பைத் துப்பினார்.

"சவுதியில வெயில் காலத்துல, உச்சி நேரம் வெளிய வேல வாங்குனா மொதலாளிக்கு அபராதம் போடுவான். அங்க எண்ணெய்க் கெணறு வச்சிருக்கவனே நிக்கிறான். இவரு கல்லுக்கு என்னா அவசரமாம்?" என்றவர், தன் வண்டிக்குப் போய் ராடை எடுத்துவந்தார். பிஸ்மி சொல்லி முதல் டயரைத் தட்டினார்.

"அண்ணே, ஒங்களுக்கும் போன் வரும்" என்றான் கொளஞ்சி.

"வரட்டும். நீ போயி ஒன் வண்டிய இன்னொரு சுத்து பாரு. மொத சுத்துல தூக்கக் கலக்கத்துல என்னாத்தப் பாத்த?"

அவர் சுற்றி முடிப்பதற்குள் மூன்றாவது வண்டி வந்தது, ஓட்டுநர் தலையை நீட்டி, "என்னண்ணே பஞ்சரா?" என்றார். "டயர் பாக்குறோம்" என்றார் காதர் அண்ணன். அந்த மூன்றாவது ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் நான்காவது. பிறகு ஐந்தாவது. யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. கூட்டம் கூடவில்லை, கோஷம் இல்லை, சாலையை யாரும் மறிக்கவில்லை. பஸ்களும் பைக்குகளும் பக்கத்தில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையாக நின்ற டிப்பர்களைச் சுற்றி, ஆளுக்கொரு ராடோடு, அவரவர் டயரை அவரவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று பல நாளாக யோசிக்கிறேன். எஞ்சின்கள் அடங்கிய அமைதியில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ரப்பரில் இரும்பு துள்ளுகிற ஒலி. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. காற்று நிறைந்த டயர் மத்தளத்தின் ஒரு பக்கம்போலப் பதில் சொல்கிறது. பெரிய தேர்களையும் பெரிய ஊர்வலங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய நிறுத்தம் இவ்வளவு பெரிதாக இருந்து பார்த்ததில்லை.

கைப்பேசிகள் அடிக்க ஆரம்பித்தன. முதலில் எடுத்தவர் காதர் அண்ணன்.

"ஆமா தம்பி, நிக்கிது. டயர் பாக்குறேன்... ஆமா, கொளஞ்சியும் பாக்குறான். எல்லாருந்தான் பாக்குறோம்... வேணாங்கிறீங்களா? சரி தம்பி, இனிமே பாக்கல. டயர் பாக்காம ஓட்டுங்கன்னு ஒரு வரி எழுதி வாட்ஸ்அப்புல அனுப்பிச்சு வுடுங்க. மொதலாளி பேரு போட்டு. அத வச்சுக்குறேன்."

மறுமுனையில் யாரோ தூரத்தில் ஏதோ கத்துவதும், மேனேஜர் கையால் போனைப் பொத்துவதும் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டன. பிறகு, "பாத்துட்டு சீக்கிரம் எடுங்கண்ணே" என்றார்.

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, காதர் அண்ணன் புதிதாக ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார்.

7

அன்று மாலை யாருடைய சாவியையும் முதலாளி வாங்கவில்லை. மறுநாளும் அதே புங்கமரம், அதே சுற்று. நடைகள் குறைந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். குறையவில்லை என்று கொளஞ்சி சொன்னான். முழித்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி எடைமேடையில் கோணலாக ஏறி நிற்காது, திருப்பத்தில் தடுமாறாது, அதிலேயே அந்த நேரம் திரும்பிவந்துவிடுகிறது என்பது அவன் கணக்கு. முதலாளிக்கு இந்தக் கணக்கு பிடித்ததா என்று தெரியாது.

ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. நான் புறப்படுவதற்கு முந்தைய நாள், ஒவ்வோர் ஓட்டுநருக்கும் காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று கொடுத்தார். ராடால் தட்டிக்கொண்டு நேரம் போக்க வேண்டாம். கருவியை வைத்தால் சட்டென்று முள் காட்டிவிடும் என்று உத்தரவு.

கொளஞ்சி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். ஒருமுறை பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னவென்று கயல் கேட்டாள்.

"கண்ணு, தட்டுனா ஒரு டயருக்கு ஒரு மூச்சு. இத வைக்கணும்னா வால்வு மூடிய கழட்டணும், வைக்கணும், பாக்கணும், மறுபடி மூடிய மாட்டணும். அதுவும் உள் டயரு வால்வு இருக்குற எடத்துக்கு கைய வுடணும்னா, பாம்புப் புத்துல வுடுற மாதிரி வுடணும். பாதி நாளு ஆயிடும்! மொதலாளியே பாத்து பவுசு குடுத்துட்டாரு!"

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். "பௌஸ, சித்தப்பா, பௌஸ!" என்று திருத்தினாள். அன்று அவள் தோழிகளோடு பேசவில்லை. கருவியை வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற பைக்குக்கும் சைக்கிளுக்கும் அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

உல்முக்குத் திரும்பி வந்து சில வாரங்கள் ஆகின்றன. போன புதன்கிழமை சுரங்கத்து மேட்டில் எனக்கு இடைவேளை. காலை எட்டரை, ஊரில் மத்தியானம் பன்னிரண்டு. என் பெட்டி நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு நிற்க அனுமதி இருக்கிறது; ஆதாரமும் இருக்கிறது; ஒரு சாக்கும் தேவையில்லை. ஆனாலும் நான் இப்போதெல்லாம் இறங்கி ஒரு சுற்று தட்டிவிட்டுத்தான் காபியைத் திறக்கிறேன். வோல்ஃப்காங் முதல் நாள், "இது உங்கள் ஊர்ச் சடங்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் காலால் தன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துக்கொண்டார்.

தமிழரசியை அழைத்தேன். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"தூங்கத்தான் செய்யிறாரு மாமா. ஆனா இப்பல்லாம் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டுத் தூங்குறாரு" என்றாள்.

அவள் வைத்ததும் கொளஞ்சியே கூப்பிட்டான். புங்கமரத்தடியில் நிற்கிறானாம். "பஞ்சாங்கம், சும்மாத்தான இருக்க? கேளு" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

கேட்டேன். எனக்கு எதிரே, நடுநடுவே நின்று நின்று வளர்ந்த அந்தப் பெரிய சுவர். காதில் என் தம்பியின் செருப்புச் சத்தம், அவன் மூச்சு, தூரத்தில் காதர் அண்ணன் யாரையோ கிண்டல் செய்வது. முன் டயர்கள் இரண்டும் துள்ளின. பின்னால் வெளி, உள். வெளி, உள். மறுபக்கம் வந்தான். வெளி, உள். கண்ணை மூடிக்கொண்டால் நானும் கூடவே சுற்றுகிற மாதிரி இருந்தது. கடைசி இரண்டு. வெளி டயர் துள்ளியது. உள் டயர் துள்ளவில்லை. ஈரமண்ணில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அவன் நடை நின்றது. மறுபடி ஒரு தட்டு. அதே சத்தம்.

"அண்ணே" என்றான் பையிலிருந்து போனை எடுத்து. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா."

"உள் டயரு. காத்து எறங்கிக் கெடக்கு. இந்த லோடோட அந்த எறக்கத்துல போயிருந்தா..." பிறகு அவன், "காதரண்ணே! ஜாக்கி எடுத்துட்டு வாங்க!" என்று கத்துவது கேட்டது.

என் பெட்டி மணியடித்தது. இடைவேளை முடிந்தது, இனி நீ போகலாம் என்றது. நான் போகவில்லை. அவன் சக்கரத்தை மாற்றி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.